நாம் படகில் ஏறினோம்

அக்காவும் தங்கையும் பேசி எட்டு மாதம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சேர்ந்து ஊர் சுற்ற வேண்டும் என்று இருவரும் பத்து வருடமாகத் திட்டம் போட்டார்கள். கிளம்புகிற அன்று அக்கா முழங்கால் வலி என்று பின்வாங்க, தங்கை ஆத்திரத்தில், "நீ வராததே நல்லது. உன்னை யாரு தூக்கிச் சுமக்கறது?" என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன வாய்க்கே தெரிந்தது. ஆனால் வீம்பு விடுமா? தனியாகவே கிளம்பிப் போனாள்.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லீவு கிடைத்தால் ஓர் ஊர். திரும்பியதும் வலைப்பூவில் ஒரு பதிவு. படிப்பவர்கள் மொத்தம் முப்பது பேர் தேறுவார்கள். போன இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எதற்காக இப்படி அலைகிறோம் என்பதுதான் அவளுக்கே பிடிபடவில்லை.

போன வாரம் முன்பின் தெரியாத ஒரு வாசகர் பின்னூட்டத்தில் கேட்டார்: தனியாகப் போனேன் என்கிறீர்கள், பதிவு முழுக்க 'நாம், நாம்' என்று இருக்கிறதே, யார் அந்த இன்னொருவர்?

அவளுக்குச் சுருக்கென்றது. திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தாள். 'நாம் படகில் ஏறினோம். காலை நீட்டி உட்கார நல்ல இடம்.' 'நாம் தங்கிய விடுதியில் லிப்ட் உண்டு, படி ஏற வேண்டாம்.' இவளுடைய கால்கள் நன்றாகத்தானே இருக்கின்றன? பிறகு யாருக்காக லிப்டைத் தேடினாள்? 'நாங்கள்' என்று ஓரிடத்தில்கூட இல்லை. நாங்கள் என்றால் கேட்கிறவள் வெளியே நிற்பாள். நாம் என்றால் அவளும் கூட வருவாள். இத்தனை ஊரிலும் அக்காவிடம்தான் பேசிக்கொண்டே நடந்திருக்கிறாள். அது புரிந்ததும் பாதிப் பாரம் இறங்கியது.

ஓர் எழுத்தையும் மாற்றாமல் எல்லாப் பதிவுகளையும் அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவள்; மருந்துச் சீட்டைக்கூடப் பேனாவோடுதான் படிப்பாள்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள், ஒரு பெரியவரின் மூக்கில் பிரேமைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பதினேழு சந்திப்பிழை இருக்கு," என்றாள் அக்கா. "'நாம்' மட்டும் எல்லா இடத்துலயும் சரியா இருக்கு."

தங்கைக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பாடா என்றிருந்தது. பெரியவரை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்புதான் என்று தொடங்கினாள். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அது கிடக்கட்டும். என்னைக் கேக்காம எதுக்குடி படகுல ஏத்தினே? எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியாதா?"