உதடும் குரலும்

2010இல் சிதம்பரத்துப் பயிற்சி மையம் ஒன்று, அரசுத் தேர்வுக்கான வகுப்புகளை இணையம் வழியாகக் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் கிளைகளுக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கியது. கணக்குப் பாடம் நடத்தியவர் ராபர்ட். ஒளிபரப்பைக் கவனித்துக்கொண்டவள் வெண்மதி.

சீக்கிரமே கடலூரில் மாணவர்கள் குறைந்தார்கள். என்னவென்று பார்க்க வெண்மதி பஸ் ஏறினாள். வகுப்பு முடிந்ததும் தமிழ்ச்செல்வி என்ற மாணவி அவளிடம் வந்தாள். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தாள்.

"எனக்குப் பாதிதாங்க கேக்கும். மீதிய உதட்டப் பாத்துப் புரிஞ்சிக்குவேன். இங்க சார் பேசி முடிச்சப்பறம்தான் வாய் அசையுது. ஒண்ணுமே வெளங்கல."

"மத்தவங்க யாரும் சொல்லலையே?"

"அவுங்க சமாளிச்சிக்கிறாங்க. ஆனா சார் கேள்வி கேட்டா, எங்களுக்கு வந்து சேர்றதுக்குள்ள பண்ருட்டிக்காரங்க பதில் சொல்லிடறாங்க. அந்தக் கடுப்புலயே பாதிப் பேரு நின்னுட்டாங்க."

திரும்பும் வழியெல்லாம் வெண்மதிக்கு அதே யோசனை. குரல் லேசானது, வேகமாகப் போய்விடுகிறது. படம் கனமானது, பின்தங்குகிறது. ஒவ்வொரு ஊர் இணைப்பும் வேறு வேகம். புறப்படும்போதே குரலிலும் படத்திலும் நேரத்தைக் குறித்துவிட்டால்? முந்தி வந்தது காத்திருக்கட்டும். குறித்த நேரத்திலிருந்து இரண்டு நொடி கழித்து எல்லா ஊரிலும் ஒன்றாக ஓடட்டும்.

ராபர்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. "வேகமா போறத ஏம்மா நிறுத்தி வைக்கணும்?"

"கடைசியா வர்றவங்களுக்காக மத்தவங்க ரெண்டு நொடி நிக்கறாங்க, அவ்ளோதான் சார்."

முதல் சோதனை சொதப்பியது. நெல்லிக்குப்பத்துக் கணினியின் கடிகாரம் பிந்தி ஓடியதால் அங்கே எல்லாமே தாமதமாக வந்தது. எல்லாக் கணினிகளும் சிதம்பரத்துக் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கடி தம் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்படி வெண்மதி மாற்றினாள்.

அடுத்த வகுப்புக்குக் கடலூரில் போய் உட்கார்ந்தாள். ராபர்ட் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். அறையில் சிரிப்பு எழுந்த அதே சமயத்தில் மற்ற இரண்டு ஊர்ச் சிரிப்பும் ஒலிபெருக்கியில் கேட்டது. தமிழ்ச்செல்வியும் சிரித்தாள்.

ராபர்ட் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசலானார். தமிழ்ச்செல்வி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"சார், கடலூர்லேர்ந்து தமிழ்ச்செல்வி பேசறேன். எழுதும்போது பேசாதீங்க சார். திரும்பி நின்னு பேசுங்க. உங்க வாயப் பாத்தாதான் எனக்குப் பாடம்."

ராபர்ட் சட்டென்று திரும்பினார். சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"மன்னிச்சிக்கம்மா. எங்கேர்ந்து விட்டுப்போச்சு? சொல்லு, அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன்."