ஒரு முடிச்சுப் போத்தல்

இந்தக் காலத்துச் சனத்துக்கு நாக்கும் மூக்கும் எதற்கு இருக்கிறதென்று டொமினிக்குக்கு விளங்குவதில்லை. மீன் ரின்னை வாங்கினால் முதலில் திகதியைத் தேடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலைக்கூடத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்கள். பாரைக்குட்டியின் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாதவன், பாண் பையில் ஒட்டிய துண்டைக் கண்ணாடி போட்டுப் படிக்கிறான். எழுதிக் கிடந்தால் உண்மை. வாயால் சொன்னால் பொய்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு உவர்மலை வீட்டு விறாந்தையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கும் அதுதான் காரணம். மேசையில் ஒன்பது போத்தல்கள் நின்றன. ஒன்றிலும் லேபல் இல்லை.

வீட்டுக்காரர் சோமசேகரம் இருபத்தெட்டு வருடம் சரக்குக் கப்பல்களில் ஸ்டூவர்ட்டாக இருந்தவர். மற்றவர்கள் ரேடியோவும் துணியும் கொண்டுவந்த காலத்தில் அவர் பிரான்சிலிருந்து சிவப்பு வைன் கொண்டுவந்தார். குடிக்க அல்ல, கிடத்தி வைக்க. அதற்கென்றே ஓர் அறை, குளிர்மெசின், மரத்தட்டு. முப்பது நாற்பது வருடம் அசையாமல் கிடந்தால்தான் அது வைனாம்.

2019இல் நெஞ்சு ஒப்பரேசனுக்கு ரொறன்ரோவிலிருக்கும் மகளிடம் போனவர், வீட்டுத் திறப்பை டொமினிக்கிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

“மேல்தட்டு, வலது ஓரம். எண்பத்தஞ்சாம் ஆண்டு. என்ர பிள்ளை பிறந்த வருஷம். அவளுக்கு நாப்பது வயசு வரேக்க உடைக்கிறதுக்கு வைச்சிருக்கிறன். மற்றது போனாலும் பரவாயில்லை, டொமினிக்.”

இப்போது மகள் தினுஷாவுக்கு நாற்பது. தகப்பனுக்கு டொக்டர் ஒரே ஒரு கிளாஸ் அனுமதித்திருந்தார். அந்த ஒரு கிளாஸுக்காக இருவரும் விமானம் ஏறி வந்திருந்தார்கள்.

“எந்த விசரன் வைனை மண்ணுக்குள்ள தாட்டவன்?” என்றார் சோமசேகரம்.

“நான்தான்.”

“ஏன் காணும்?”

“கரண்ட் நிண்டது, அண்ணை. ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம். உங்கட அறைக்குள்ள சோறு அவிக்கலாம், அந்தச் சூடு. கிணத்தடித் தொட்டியில ஆத்து மணல் போட்டு, தண்ணி தெளிச்சு, உள்ளுக்குள்ள படுக்க வைச்சனான். ஒரு போத்தலும் வெடிக்கேல்ல.”

கடல் மணலில் உப்பு என்று வெருகல் ஆற்று மணலாகத் தேடிப் போட்டதை அவர் சொல்லவில்லை. யார் கேட்டார்கள்? சோமசேகரம் மாதம் ஒருதரம் ரெலிபோனில் கேட்டது, சாமான் பத்திரமோ என்று. பத்திரம் என்றார். போத்தலில் ஒட்டிய கடதாசியைப் பற்றிக் கேட்கவில்லை. கடதாசி ஈரத்தில் களியாகிப் போய் மூன்று வருடமாகிறது.

“போத்தலெல்லாம் ஒரே அச்சு! இதில எது எண்பத்தஞ்சு எண்டு இனி ஆர் சொல்றது?”

“நான் சொல்றன். இது.”

டொமினிக் ஒரு போத்தலின் கழுத்தைத் தொட்டார். அதில் நைலோன் நூல் பல சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு முடிச்சு. பக்கத்துப் போத்தலில் இரண்டு. அப்படியே ஒன்பது வரை, மேல்தட்டு வலது ஓரத்திலிருந்து எண்ணி, மணலில் தாழ்ப்பதற்கு முதலே போட்டது. அவர் மூதூருக்குச் சாமான் ஏற்றும் லோஞ்ச் படகு ஓட்டிய ஆள். கடைக்கொரு முடிச்சுப் போட்டுத்தான் சாக்குகளை ஏற்றுவார். கிளிவெட்டிக் கடைச் சாக்கு ஒருநாளும் தோப்பூர்க் கடைக்குப் போனதில்லை.

“அது சீனிச் சாக்கு, டொமினிக். இது வைன்.”

“கயித்துக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

சோமசேகரம் நம்பவில்லை. கழுத்துத் தகட்டைக் கிழித்து, மகளின் போனால் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிரான்சுக்காரன் தக்கையின் பக்கத்தில் ஆண்டை அடித்திருப்பானாம். பச்சைக் கண்ணாடிக்குள் கறுப்பாக ஏதோ ஒட்டிக் கிடந்தது. எழுத்துத் தெரியவில்லை.

“அப்பா, டொமினிக் மாமா சொல்றதையே திறப்பம். பிழைச்சால் பிழைச்சதுதான்,” என்றாள் தினுஷா.

“பிழைச்சால் எனக்கு இன்னொரு கிளாஸ் இல்லை, பிள்ளை.”

சோமசேகரம் திருகியைத் தக்கையில் இறக்கினார். தக்கை புட்டுப்போலப் பிட்டு, பாதிதான் வந்தது. மீதிப் பாதி உள்ளே விழுந்துவிட்டது. வந்த பாதியில் ஒரு திராட்சைக் குலைப் படம். ஆண்டு இல்லை.

சாடிக்குள் ஊற்றப் போத்தலை விறுக்கென்று தூக்கினார். அடியில் கிடந்த மண்டி அசைந்தது.

“இஞ்ச தாங்கோ,” என்று டொமினிக் வாங்கிக்கொண்டார். மண்ணெண்ணெய்க் கானில் ஊத்தை கிடந்தால் எஞ்சினுக்கு எப்படி ஊற்றுவதென்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரே சரிவு, மூச்சு விடாமல், கண் கழுத்தில். மண்டியின் கறுப்புக் கோடு கழுத்துக்கு ஏறிய இடத்தில் நிறுத்தினார்.

சோமசேகரம் கிளாஸைச் சுழற்றி, மணந்து, ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் உருட்டிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

“மெலிஞ்சு போய்க் கிடக்கு,” என்றார் கடைசியில். “மணமே இல்லை. இது எண்பத்தேழு. அந்த வருஷம் அங்க மழை. தண்ணிப் பழம்.” கிளாஸை மேசையில் வைத்தார். “ஆறு வருஷம் உம்மை நம்பி வீட்டை விட்டனான், டொமினிக்.”

டொமினிக்குக்குக் காது சூடாகியது. களவெடுத்தாய் என்றிருந்தால்கூடத் திருப்பிப் பேசியிருப்பார். முடிச்சுப் பிழை என்றதுதான் தாங்கவில்லை. வெறும் போத்தலை எடுத்தார். மண்டியைப் பூச்சாடியில் ஊற்றினார். கழுத்திலிருந்த நூலை அவிழ்த்து, இரண்டாக மடித்து, வளையமாக உள்ளே விட்டார். போத்தலைக் கவிழ்த்தார். தக்கைத் துண்டு கழுத்துக்கு உருண்டு வந்தது. வளையத்தை அதன் அடியில் கொடுத்து, வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல இழுத்தார். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் ‘பொக்’ என்று வந்தது.

அதைச் சட்டையில் துடைத்துத் தினுஷாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“வாசி, பிள்ளை. எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு கொப்பருக்குத் தெரியும்.”

அவள் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். “ஒண்டு, ஒன்பது, எட்டு...” துண்டைத் திருப்பினாள். “அஞ்சு. அப்பா, அஞ்சு!”

சோமசேகரம் பறித்துப் பார்த்தார். பிறகு கிளாஸை எடுத்தார். மணந்தார். ஒரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆ... இப்பதான் வாய் திறக்குது. சுருட்டுப் பெட்டி மணம். பார் பிள்ளை, பார், பின்னால ஒரு இனிப்பு வருதெல்லே?”

அவள் குடித்தாள். தலையாட்டினாள். தகப்பனும் மகளும் அழுவதும் சிரிப்பதுமாக நின்றார்கள். டொமினிக் மூதூர்ப் பக்கத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீரும் எடும், டொமினிக். நான் சொன்னதை மனசில வைச்சிருக்காதேயும்.”

அவர் கிளாஸை வாங்கி ஒரேயடியாக விழுங்கினார்.

“எப்பிடி, மாமா?”

“மாரிக்குச் சாத்தி வைச்ச அலுமாரி மாதிரி.”

தினுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். டொமினிக் சிரிக்கவில்லை.

“அண்ணை, பத்து நிமிஷத்துக்கு முன்னம் இது தண்ணிப் பழம்.”

“பழைய வைனுக்குக் காத்துப் படவேணும், காணும். அப்பதான் உசிர் வரும்.”

“காத்துப் பட்டதோ, இலக்கம் பட்டதோ?”

சோமசேகரம் கேட்காதவர்போல மகளின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, ஒரு பேனையும் ஒட்டுற துண்டும் எடு. மற்ற எட்டுக்கும் இவர் வரிசை சொல்லச் சொல்ல ஆண்டு எழுதி ஒட்டுவம்.”

“நான் என்னத்தைச் சொல்ல? எண்ணிப் பாருங்கோ, தட்டில இருந்த வரிசை நூலில கிடக்கு,” என்றார் டொமினிக். திறப்பை மேசையில் வைத்தார். “எழுதி ஒட்டுங்கோ. ஆனா முடிச்சை வெட்டிப்போடாதேங்கோ.”

செருப்பை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். வளைவில் துறைமுகக் காற்று முகத்தில் நேரே அடித்தது. அந்த ருசி இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. நின்று, வாயை ஆவென்று திறந்து, நல்லாகக் காற்றுப் பிடிக்கவிட்டார்.

அலுமாரிதான். துப்பிவிட்டு நடந்தார்.