பதினேழு தடையும் ஒரு வெறுங்கையும்

கையில் ஒரு சீட்டுகூட இல்லாமல், எதிரில் உட்கார்ந்திருந்தவரின் பதினேழு தடைச்சீட்டுகளைக் கண்ணாயிரம் ஒரே மூச்சில் முறியடித்தார். பதினேழாவது சீட்டு விழுந்த சத்தத்தில் மரக்காணம் உப்பளத்துக் கொக்குகள் அத்தனையும் எழும்பிப் பறந்து, பெருமுக்கல் மலைக்கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கின. இதை அவரே சொன்னார், ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாயவன் டீக்கடையில், ஏழு பேர் கேட்க.

ஏழு பேரில் ஒருவரும் நம்பவில்லை.

"பதினேழுன்னு எண்ணிப் பார்த்தீங்களா, இல்ல சும்மா ஒரு குத்துமதிப்பா?" என்றான் மாயவன், டீயை ஆற்றிக்கொண்டே.

"பதினெட்டுதான் இருந்துது. நீ நம்பணுமேன்னு ஒண்ணு குறைச்சிக்கினேன்பா."

கண்ணாயிரம் வானூர் தாலுக்கா ஆபீசில் முப்பத்துமூன்று வருஷம் கிளார்க்காக இருந்தவர். அத்தனை வருஷமும் நடந்ததை மட்டுமே எழுத வேண்டியிருந்தது. எழுதாமல் அடக்கிவைத்ததெல்லாம் ரிட்டையர் ஆன மறுநாளே வாய் வழியாக வெளியேற ஆரம்பித்தது; இன்னும் நின்றபாடில்லை. அவர் வீட்டுப் பூசணிக்காயைத் தூக்க கிரேன் வந்ததை ஊரே கேட்டிருக்கிறது. யாரும் நம்பாததில் அவருக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அவர் மகள் சங்கீதா வேலையில் சேர்ந்தாக வேண்டும். சேர்வதா இல்லையா என்பது அந்தச் சீட்டாட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சங்கீதா கெமிஸ்ட்ரி படித்தவள். கட்டிக்கொடுத்தது உப்பளக்காரர் தங்கராசுவின் மகனுக்கு. திண்டிவனம் ரோட்டில் புதிதாக வந்த உப்பு மில்லில், வருகிற உப்பைச் சோதித்துப் பாஸ், ஃபெயில் போடும் வேலைக்கு அவளுக்கு ஆர்டர் வந்திருந்தது. தங்கராசுவின் உப்பும் அந்த மில்லுக்குத்தான் போகிறது. மருமகள் கையால் தன் உப்பு ஃபெயில் ஆகிற காட்சியை மனதில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தவர், "தடை" என்று சொல்லிவிட்டார். சென்னையில் கம்பெனி வேலையில் இருந்த அவர் மகனோ, "அப்பா சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

தங்கராசுவுக்கு எல்லாமே தடைதான். இன்றைக்கு மழை வரும் என்றால் வராது என்பார். வந்துவிட்டால் இது மழையே இல்லை, தூறல் என்பார். அப்படிப்பட்டவர் கையில் போய்ச் சேர்ந்ததே அந்தச் சீட்டுக்கட்டு என்றால் கேட்கவா வேண்டும்.

சீட்டு வந்த கதை இது. கடல் பொங்கி ஊருக்குள் வந்துபோனதற்குப் பிறகு, எந்தெந்த நாட்டிலிருந்தோ நிவாரணப் பெட்டிகள் வந்தன. ஒரு பெட்டி நிறைய கம்பளிக் காலுறை; அடியில் அறுநூறு படச்சீட்டுகள். இறக்கை முளைத்த பாம்பு, நெருப்பு கக்கும் ஆமை, இரட்டைவால் பல்லி. யாரும் சீண்டவில்லை. அச்சடித்த காகிதத்தைப் படிக்காமல் விடுவது கண்ணாயிரத்துக்கு ஆகாது. நாலு மாதம் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, அகராதிக்கே ஜுரம் வரும்வரை புரட்டி, ஆட்டத்தின் சட்டத்தைத் தமிழில் எழுதி முடித்தார். 2005 மழைக்காலத்தில், பாத்தியெல்லாம் தண்ணீரில் முழுகி வேலை இல்லாமல் இருந்த உப்பளத்து ஆட்கள், கொட்டகையில் உட்கார்ந்து வேறு எதுவும் ஆடவில்லை.

சட்டம் சுலபம். ஆளுக்கு இருபது உயிர். ஒருவர் ஒரு சீட்டைப் போட்டால், அவர் கையை எடுப்பதற்குள் "தடை" என்று சொல்லித் தடைச்சீட்டைப் போட்டு அதை முறிக்கலாம். அந்தத் தடைக்கும் தடை போடலாம். யார் போட்ட சீட்டுக்கும் யார் வேண்டுமானாலும் தடை போடலாம். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், கடைசியாக விழுந்த சீட்டுதான் முதலில் வேலை செய்யும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள்.

"தாலுக்கா ஆபீஸ் மேசைதாம்பா அது" என்று கண்ணாயிரம் விளக்கினார். "கடைசியா வந்த ஃபைல் மேல இருக்கும். ஆபீசரு அதைத்தான் முதல்ல தொறப்பாரு. அடியில இருக்கிறது அதுக்கப்புறம்தான்."

உப்பளத்து ஆட்கள் தங்கள் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தார்கள். மூட்டை எண்ணும்போது வாயால் விட்ட எண்ணை யாரும் திரும்ப வாங்குவதில்லை. சீட்டிலும் அப்படித்தான். தடை என்று சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை ஊற்றியதில் ஆட்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் சம்பந்திகள் இரண்டு பேர் மட்டும். தங்கராசுதான் ஆரம்பித்தார்.

"சம்மந்தி, பேசி இன்னா ஆவப்போவுது. ஆடுவோம். நீங்க ஜெயிச்சா அவ வேலைக்குப் போவட்டும். நான் ஜெயிச்சா அந்த ஆர்டரை அடுப்புல போட்டு வெந்நீர் வெச்சிக்கிறேன்."

மூன்று மணி நேரம் ஆடினார்கள். கண்ணாயிரத்தின் இறக்கைப் பாம்பு தடையில் போனது, ஆமை தடையில் போனது. கடைசியில் அவருக்கு இரண்டு உயிரும் ஒரு சீட்டும் மிச்சம். அது நெருப்பு மழை. விழுந்தால் எதிராளிக்கு மூன்று உயிர் போகும். தங்கராசுவுக்கும் மூன்று உயிர்தான் இருந்தது. ஆனால் அவர் கையில் இன்னும் இரண்டு சீட்டு இருந்தது.

கண்ணாயிரம் நெருப்பு மழையைப் போட்டார். கையை எடுப்பதற்குள் "தடை" என்று ஒரு சீட்டு அதன்மேல் விழுந்தது. இவர் கை காலி. தடுக்க ஒன்றும் இல்லை. சங்கீதாவின் ஆர்டர் அடுப்பில் எரிகிற வாசனைகூட அவருக்கு வந்துவிட்டது.

தங்கராசுவின் கை இன்னும் சீட்டின்மேல் இருந்தது. கண்ணாயிரம் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"சரி சம்மந்தி. உங்க தடை செல்லும்."

கண்ணாயிரம் ஒன்றைச் சொல்லி, அதைத் தங்கராசு ஒப்புக்கொண்டதாக அன்றுவரை சரித்திரம் இல்லை.

"தடை" என்றார் தங்கராசு. இன்னொரு சீட்டு அவருடைய முதல் தடையின் மேலேயே அறைந்து விழுந்தது.

கண்ணாயிரம் ஒரு விரலால் மேல் சீட்டைத் தொட்டார். "இது கடைசியா வந்த ஃபைல். இது உங்க முதல் தடையை முறிச்சிடுச்சி." அடுத்த சீட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "அப்போ என் நெருப்பு மழைக்குத் தடை இல்ல. மூணு உயிரும் போச்சி, சம்மந்தி."

தங்கராசு மூன்று சீட்டையும் பார்த்தார். வாரிச் சீட்டுக்கட்டில் செருகினார். குடையை எடுத்தார். "இந்த ஆட்டமே நடக்கல" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

சனிக்கிழமை முழுவதும் கண்ணாயிரம் வாழ்க்கையில் முதல் முறையாக நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. பூசணிக்காய் கிரேன் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. தங்கராசுவிடம் கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "என் தடையை நானே தடுப்பேனா? கேக்கிறவன் யோசிக்க வேணாம்?"

சாயங்காலம் கண்ணாயிரம் மகளைப் பார்க்கப் போனார். கரண்ட் இல்லாததால் சங்கீதா கரிப்பெட்டியை வைத்துப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் வேலையை வெச்சி நீங்க ரெண்டு பேரும் சீட்டாடினீங்க. அதையே நான் இன்னும் மன்னிக்கல" என்றாள். "ஜெயிச்சதையாவது நம்புற மாதிரி சொல்லக் கூடாதாப்பா?"

"உள்ளதை உள்ளபடி சொன்னேம்மா. சத்தியமா."

"அதான் தப்பு. நீங்க உண்மையைச் சொன்னா மாமா இல்லன்னுதான் சொல்லுவாரு. நீங்க இன்னா சொன்னாலும் இல்லன்னுதான் சொல்லுவாரு."

கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்த மலர்ச்சியில் அந்தத் தெருவில் கரண்ட் இல்லாத குறையே தெரியவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் மூன்று சீட்டு பதினேழு தடையாகப் பெருகியது. தங்கராசு வழக்கம்போல் பேப்பர் படிக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாயிரம் அவரைப் பார்க்காத மாதிரியே தொடர்ந்தார்.

"ஒம்பதாவது தடை போடும்போது சம்மந்திக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சி."

தங்கராசு பேப்பரைப் புரட்டினார். "நல்ல கதை. சொல்லுங்க, சொல்லுங்க."

"பதிமூணாவதுக்குத் தடைச்சீட்டு தீந்துபோச்சி. பாவம், ரெட்டைவால் பல்லியை எடுத்துத் தடைன்னு போட்டுட்டாரு. ஆட்டம் தெரியாத மனுசன், நானும் ஒண்ணும் சொல்லிக்கல."

பேப்பர் கீழே இறங்கியது.

"பல்லியைத் தடையா போட எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது? நான் போட்டது ரெண்டும் சுத்தமான தடைச்சீட்டு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாயவன் கை நடுவில் நின்றது. "ரெண்டும் நீங்களே போட்டீங்களாண்ணே? ஒண்ணு மேல ஒண்ணா?"

தங்கராசு வாயை மூடிக்கொண்டார். மூடியபடியே இருந்திருக்கலாம்.

"ரெண்டு இல்லபா, பதினேழு" என்றார் கண்ணாயிரம் மெதுவாக, டீயை உறிஞ்சிக்கொண்டே. "எட்டாவதைப் போட்டுட்டு அழுதாரு."

"யோவ் சம்மந்தி." தங்கராசு எழுந்தே விட்டார். "அழுதேனா நான்? என் கையில இருந்ததே ரெண்டு சீட்டுதான். முதல்ல உங்க நெருப்பு மழைக்குத் தடை போட்டேன். உங்க தடை செல்லும்னு சொன்னீங்க. நீங்க இன்னா சொல்றது செல்லும்னு, அந்த ஆத்திரத்துல அதுக்கும் தடை போட்டேன். மொத்தம் மூணே சீட்டு. அழவும் இல்ல, நடுங்கவும் இல்ல."

தங்கராசு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் கண்ணாயிரத்தைப் பார்த்தார். கண்ணாயிரம் வாய் திறக்கவில்லை. மறுப்பதற்கு அவர் எதையும் கொடுக்கவில்லை.

தங்கராசு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பேப்பரை நாலாக மடித்தார்.

"பத்து மணிக்கு அங்க இருக்கணும்னா எட்டரை பஸ்ஸைப் புடிக்கணும். அவகிட்ட சொல்லிடுங்க" என்றார். "நடந்துது. நீங்க சொல்ற மாதிரி இல்ல. ஆனா நடந்துது."