இன்னும் பழகல மிஸ்

கண்ணாடி மிஸ்ஸுக்கு மூக்கு செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தியும் போன மாதக் கடைசியில் வேலை முடிந்து போய்விட்டாள்.

கண்ணாடி மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வேதியியல் லேபுக்குள் காலெடுத்து வைக்கிற யாராக இருந்தாலும் முதலில் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும், மாட்டாதவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். அதில் அவள் ஒரு நூல்கூட இறங்கிவர மாட்டாள். ஒரு தடவை தலைமை ஆசிரியையையே வாசலில் நிறுத்திவிட்டு, "மேடம், உங்களுக்கும் ரெண்டு கண்ணுதானே இருக்கு?" என்று கேட்டவள். பெயர் ஒட்டிக்கொள்ள அது போதாதா?

ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாள். எழுந்தபோது உடம்பு தேறியிருந்தது, மூக்கு தேறவில்லை. சளி என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் அச்சகத்திலிருந்து கணவர் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினார். அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரமே கரியாகிக் கிடந்தது.

"தெருமுனை வரைக்கும் நாறுது. நீ பக்கத்துலயே உக்காந்து நோட்டுத் திருத்திக்கிட்டிருக்கே?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் குளிக்கப் போனதும் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து முகத்தில் அழுத்திப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சட்டையில் அச்சு மை மணக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று திட்டிக்கொண்டே துவைத்திருக்கிறாள். இப்போது வெறும் துணிதான் இருந்தது.

டாக்டர் முதலில் மூன்று மாதத்தில் திரும்பும் என்றார். பிறகு ஆறு மாதம் என்றார். கடைசியாகப் போனபோது பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார். "ரெண்டு வருஷம் ஆயிடுச்சும்மா. இனிமே எதிர்பாக்காதீங்க. பழகிக்க வேண்டியதுதான்."

வேறு யாருக்காவது இது வந்திருந்தால் பழகிக்கொண்டிருப்பார்கள். கணக்கு டீச்சருக்கு மூக்கு வேலை செய்யாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் லேப் என்பது கண் பாதி, மூக்கு பாதி. வெளியே தெரிந்தால் லேப் சாவியை வாங்கிவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. ஒட்டடை பிடித்துக் கிடந்த அறை அது. அலமாரி அலமாரியாகத் துடைத்து, பாட்டில் பாட்டிலாகப் பெயர் எழுதி ஒட்டியவள் அவள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்குப் போவதைவிட அங்கே இருப்பதுதான் அவளுக்குச் சௌகரியம். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சாவி கையைவிட்டுப் போகாமல் இருப்பதுதான்.

லேப் அக்காவுக்குத் தெரியவந்தது ஒரு வேடிக்கை. பாட்டில் கழுவவும் மேசை துடைக்கவும் இருந்த வயதானவள் அக்கா. ஒருநாள் அழுகின முட்டை நாற்றம் வருகிற சோதனை ஒன்று நடந்தது. பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுப்பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். இவள் மட்டும் நிதானமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் அக்கா கிட்டே வந்து கேட்டாள்.

"என்ன டீச்சர், நாங்கல்லாம் செத்துப் பொழைச்சோம். நீங்க பூந்தோட்டத்துல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

அவளுக்குப் பொய் வாயில் வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்கா துடைக்கிற துணியை உதறி மடித்து வைத்துவிட்டு, "சரி விடுங்க. கண்ணு உங்களோடது, மூக்கு என்னோடது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டீச்சர்" என்றாள்.

அன்றையிலிருந்து ஒரு ஏற்பாடு. அக்கா ஒரு தடவை இருமினால் ஜன்னலைத் திறக்க வேண்டும். இரண்டு தடவை இருமினால் பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். அக்காவுக்கு நிஜமாகவே இருமல் வந்த வாரத்தில், ஒரே நாளில் மூன்று தடவை இவள் பிள்ளைகளை வெளியே ஓட்டி, மூன்று தடவை உள்ளே கூப்பிட்டாள். அதை நினைத்து இரண்டு பேரும் பல நாள் சிரித்தார்கள். அப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அக்காவுக்கு ஓய்வுபெறும் வயது வந்தது. அந்த இடத்துக்கு ஆள் போடுவதில்லை என்று மேலிடத்திலிருந்து தாள் வந்தது. கடைசி நாளில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எச்.எம். அம்மாகிட்ட சொல்லிடுங்க டீச்சர்" என்றாள்.

"சொல்றேன்க்கா."

சொல்லவில்லை.

புது வகுப்பு வந்தது. இருபத்தாறு பெண்பிள்ளைகள். முதல் பாடம் பொருள்களின் பண்புகள், கூடவே லேபில் நடந்துகொள்ள வேண்டிய முறை. அதை அவள் வகுப்பறையிலேயே வைத்துச் சொன்னாள். பின்னலைத் தூக்கிக் கட்டு. எதையும் நாக்கில் வைக்காதே. சோதனைக் குழாயின் வாய் உன் முகத்தையும் பார்க்கக் கூடாது, பக்கத்திலிருப்பவள் முகத்தையும் பார்க்கக் கூடாது. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் மேலே தெறிக்கும். பாட்டிலுக்குள் மூக்கை நுழைக்காதே, கையால் விசிறி மோந்து பார். பத்தொன்பது வருஷமாகச் சொல்வதுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

இந்த வருஷம் ஒன்று கூடுதலாகச் சொன்னாள்.

"லேபுன்னா ஏதாவது ஒரு வாசனை வரத்தான் செய்யும். அஞ்சு நிமிஷத்துல பழகிடும். அதுக்கெல்லாம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மிஸ், மிஸ்னு என்கிட்ட ஓடி வரக்கூடாது."

ஓடி வந்தால் அவள் என்ன சொல்வாள், பாவம்? என்ன வாசனை, நல்லதா கெட்டதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பயம் சொல்லவைத்தது. பிள்ளைகள் அதையும் மற்றவற்றோடு சேர்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் முதல் லேப் வகுப்பு. முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்து, வெளிச்சுவரோரம் இருக்கிற கேஸ் சிலிண்டரைத் திறந்தாள். பன்னிரண்டு மேசைக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாத் திருகும் குறுக்கே திரும்பி, மூடித்தான் இருந்தது. ஆறாம் மேசைத் திருகு மூடின மாதிரி இருக்கும், ஆனால் முழுசாக மூடாது, அதற்கு மட்டும் கட்டை விரலால் இன்னொரு அழுத்து வேண்டும். இது அக்காவுக்குத்தான் தெரியும். அக்கா அதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை, மூக்கால் மோந்து கற்றுக்கொண்டது. அதனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடி மாட்டிக்கொண்டு முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மெழுகைச் சூடாக்கினால் உருகும், ஆறினால் பழையபடி மெழுகுதான். காகிதத்தைக் கொளுத்தினால் திரும்பி வராது. இந்த இரண்டையும் காட்ட வேண்டும். தன் மேசை பர்னரைக் கிட்டே இழுத்து, தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். பழக்கத்தில் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

ஆறாம் மேசையில் ஒல்லியாக ஒருத்தி. வாயைத் திறந்து, வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்மா வாயைத் திறந்து வெச்சிருக்கே? ஈ போகப்போகுது."

யாரோ கிளுக்கென்று சிரித்தாள். ஒல்லிப்பெண் எழுந்து நின்றாள்.

"பழகிக்கிட்டிருக்கேன் மிஸ்."

"எதை?"

"வாசனையை. அஞ்சு நிமிஷத்துல பழகிடும்னு சொன்னீங்கல்ல. இன்னும் பழகல மிஸ்."

அவள் கையில் குச்சி அப்படியே நின்றது.

"என்ன வாசனை?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் ஏதோ கேள்வி கேட்டு மடக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசைக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கேஸ் வாசனை மிஸ். வீட்டுல அடுப்பு அணைஞ்சா வருமே, அது."

"எப்போலேருந்து?"

"உள்ள வந்ததுலேருந்து."

குச்சியைப் பெட்டிக்குள் திரும்பச் செருகி மூடினாள். குரலை எப்படியோ இறக்கிப் பிடித்துக்கொண்டாள். "பையை எடுக்க வேண்டாம். எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம். ஓடாம, ஒருத்தர் பின்னால ஒருத்தரா வெளிய போங்க." வாசலில் நின்று தலை எண்ணினாள். இருபத்தாறு. போய்ச் சிலிண்டரை மூடினாள், வெளிப்பக்கமாகவே சுற்றிவந்து ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். பிறகு லேப் வாசலுக்குத் திரும்பி வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒல்லிப்பெண்தான் கேட்டாள்.

"உங்களுக்கு வரலையா மிஸ்?"

"எனக்கு மூக்கு வேலை செய்யாதும்மா. ரெண்டு வருஷமா."

முன்வரிசைக்காரி முன்னால் வந்தாள். "அப்போ நாங்க சொல்றோம் மிஸ். தினம் ஒருத்தர் முறை போட்டுக்கிறோம்."

நல்ல பிள்ளைகள். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பதினாலு வயதுப் பிள்ளையின் மூக்கை நம்பி இருபத்தைந்து பிள்ளைகளை அறைக்குள் உட்காரவைக்க முடியுமா? அதுவும், சொல்லாதே என்று அவளே ஒரு தடவை சொல்லிக்கொடுத்த பிறகு? அவள் எழுந்து தலைமை ஆசிரியை அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், பால், அக்காவின் இருமல், தீக்குச்சி. ஒன்றையும் விடவில்லை.

தலைமை ஆசிரியை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இதை ஏன் டீச்சர் என்கிட்ட சொன்னீங்க?"

"சொல்லணும்ல மேடம்."

"சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்போ தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகு நான் எப்படி லேபைத் திறந்து வைக்கிறது?"

"வேற யாரையாவது போடுங்க. நான் வகுப்பு மட்டும் எடுக்கிறேன். சாவி அவங்ககிட்ட இருக்கட்டும்."

"யாரைப் போடுறது? கணக்குக்கே ஆள் கேட்டு ஒன்றரை வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன். லேப் அக்கா இடத்தையே எடுத்துட்டாங்க." அவர் கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க. படம் போட்டு நடத்துங்க. பரீட்சையில செய்முறையைத் தாள்ல எழுதினாப் போதும், மார்க்கு குறையாது."

அவள் சாவியைக் கொக்கியிலிருந்து கழற்ற நேரமானது. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கொக்கி இறுகியிருந்தது. தலைமை ஆசிரியை பொறுமையாகக் காத்திருந்தார்.

அன்றைக்கு மத்தியானமே லேபைப் பூட்டினார்கள். அடுத்த வாரம் பழைய பெஞ்சுகளைக் கொண்டுபோய் உள்ளே அடுக்கினார்கள். அதன் பிறகு கதவைத் திறந்தால் ஆள் நுழைய வழியில்லை.

அவள் வகுப்பறையில் பாடம் எடுத்தாள். கரும்பலகையில் கட்டம் போட்டு, பொருள், நிலை, நிறம், மணம் என்று தலைப்பு எழுதி வரிசையாக நிரப்பினாள். உப்பு, திண்மம், வெண்மை, மணமில்லை. எஸ்டர், திரவம், நிறமில்லை, பழ மணம்.

"எந்தப் பழம் மிஸ்?" ஒல்லிப்பெண் கேட்டாள்.

முன்பென்றால் ஒரு சொட்டுப் பஞ்சில் நனைத்து மேசை மேசையாகக் காட்டியிருப்பாள். ஆளுக்கொன்று கத்தியிருப்பார்கள், வகுப்பே அமளிப்பட்டிருக்கும். இப்போது அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"புத்தகத்துல பழ மணம்னுதான் போட்டிருக்கு. அப்படியே எழுதிக்கோ."

மாதத் தேர்வு வைத்தாள். தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். நான்காவது கேள்வி, எஸ்டரின் பண்புகளை எழுதுக. முதல் தாளில் பழ மணம் என்றிருந்தது. இரண்டாவதில் ஆப்பிள் மணம் என்றிருந்தது. அடுத்ததில் வாழைப்பழம். அதற்கடுத்ததில் ஆரஞ்சு. ஒருத்தி திராட்சை என்று எழுதி, அடித்துவிட்டு, எலுமிச்சை என்று எழுதியிருந்தாள். ஒல்லிப்பெண், "பழ மணம், ஆனால் எந்தப் பழம் என்று தெரியாது" என்று எழுதியிருந்தாள்.

எது சரி? அவளுக்குத் தெரிந்ததுதான், எத்தனையோ தடவை மோந்ததுதான். கண்ணை மூடிக்கொண்டு வாழைப்பழத்தை நினைத்துப் பார்த்தாள். மஞ்சள் வந்தது. தோலை உரிக்கும்போது வருகிற நார் வந்தது. வாயில் குழைவது வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஆப்பிளை நினைத்தாள். சிவப்பு வந்தது, கடிக்கிற சத்தம் வந்தது.

சிவப்பு மைப் பேனாவை எடுத்து, இருபத்தாறு தாளிலும் நான்காவது கேள்விக்குச் சரி என்று போட்டாள்.