மூன்றாவது கட்டம்

நார்வேயின் பெர்கனில் எங்கள் குளியலறைத் தரையில் எலக்ட்ரீஷியன் ஓட்வார், குளிருக்குத் தரையைச் சூடாக்கும் வெப்பக் கம்பியை வளைத்து வளைத்துப் பதித்துக்கொண்டிருந்தார். என் மனைவி மாரித் இறப்பதற்கு முன் வரைந்த படத்தில், மேலே சாமான் நிற்கும் என்பதால் கம்பி போகக் கூடாத கட்டங்கள் மூன்று இருந்தன. ஒன்று அலமாரிக்கு, இன்னொன்று சலவை இயந்திரத்துக்கு. ஜன்னலடியில் இருந்த மூன்றாவது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

"இங்க என்னப்பா வரப்போகுது?"

"தெரியல. அவ சொல்லல."

"பூனைக்கோ?"

"எங்ககிட்ட பூனையே இல்ல. இருந்தாலும் அது சூடான இடத்துலதானே படுக்கும்?"

"அதுவும் சரிதான். சீக்கிரம் யோசி. மத்தியானம் சிமெண்ட் கலவை ஊத்திட்டா அப்புறம் உடைச்சாதான் உண்டு."

"அப்ப அங்கயும் கம்பி போட்டுடுங்க."

அவர் கம்பியின் முனையைத் தூக்கிக் காட்டினார். "இவ்வளவுதான் மிச்சம். அந்தக் கட்டத்தக் கழிச்சுத்தான் அளந்து வாங்கியிருக்கா. கெட்டிக்காரிதான்."

கலவை ஊற்றி, தரை ஓடுகளும் பதித்தாயிற்று. தரை முழுக்கச் சூடு, ஜன்னலடியில் மட்டும் சில்லென்றிருக்கிறது. அங்கே ஒரு நாற்காலியை வைத்துப் பார்த்தேன். மறுநாள் எடுத்துவிட்டேன். அவள் நினைத்தது நாற்காலிதானா என்று தெரியவில்லை. இப்போது காலையில் அங்கே வெறுங்காலோடு நின்றுதான் பல் துலக்குகிறேன்.