ரெஜிபோம் படகு

என் தம்பி பெண்சாதி ஜெசிந்தாவுக்குக் கடலைப் பிடிக்காது. கடலுக்கு முன்னால் நின்று எடுத்த படம் பிடிக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் அவள் மெலிசாவுக்குச் செய்ததெல்லாம் விளங்கிவிடும்.

மெலிசா என் தம்பி கஸ்பரின் ஒரே மகள். பதினாறு வயது. கோடை விடுமுறையில் பெண்பிள்ளைகளை மட்டும் கரீபியனுக்குக் கூட்டிப்போகும் ஒரு பயணத்துக்குத் தானே விண்ணப்பித்து, நேர்முகத்துக்கும் போய், இடம் பிடித்திருந்தாள். மூன்று கிழமை பாய்க்கப்பலில்தான் சீவியம். பாய் ஏற்றுவது, சுக்கான் பிடிப்பது, சமைப்பது எல்லாம் பிள்ளைகளே. வெயில் நன்றாக ஏறியதும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேலே நீந்தலாம். இதற்காக இரண்டு பனிக்காலம் ரொறொன்ரோவில் மோர்னிங்சைட் பக்கத்து நீச்சல் குளத்துக்குத் தனியே பஸ் ஏறிப் போய்வந்தாள். வீடு வந்து சேரும்போது தலைமயிர் நுனியில் ஐஸ் பிடித்திருக்கும். "சளி பிடிக்கப்போகுது" என்பதற்குமேல் தாய் ஒன்றும் கேட்டதில்லை.

முதலில் வீட்டில் ஒரே மறுப்பு. "பொம்பிளைப் பிள்ளை வெயிலுக்குள்ள நிண்டு கறுத்துப்போய் வருவாள்" என்றாள் ஜெசிந்தா. விட்பியில் என் தெருவில் இருக்கும் டொக்டரின் மகளும் விண்ணப்பித்து இடம் கிடைக்கவில்லை என்று நான்தான் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்று பின்னேரமே மெலிசா கப்பல் ஓட்டப்போகிற செய்தி வட்ஸ்அப்பில் மிசிசாகா வரை போய்விட்டது. அதன்பிறகு கறுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஆனால் ஜெசிந்தாவுக்கு ஒரு பழைய மனக்குறை இருந்தது. மெலிசா பெரியபிள்ளையானது கொரோனாக் காலத்தில். மற்றவர்களின் பெட்டைகள் குதிரைவண்டிலிலும் ஹெலிகொப்டரிலும் வந்திறங்கிச் சாமத்தியவீடு கொண்டாடியிருக்க, இவளுக்கு வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வார்த்ததோடு சரி. எத்தனை பேரின் பெட்டைகளுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றிருப்பாள்! இப்போது அவளுக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. வழியனுப்பு விழா என்று பெயர் வைத்தாள். யாருடைய கலியாணமோ குழம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோல் காலியாக, ஓடிப்போய்ப் பிடித்தாள்.

அதே ஞாயிறு காலையில்தான் பயணத்துக்கான நீச்சல் பரீட்சை. அதில் தேறாத பிள்ளைக்குக் கப்பலில் இடமில்லை. வேறு நாள் கிடையாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

இந்தப் பேச்சு வந்த நாள் நான் அவர்கள் வீட்டுக் குசினியில் இருந்தேன்.

"அம்மா, ரெஸ்ற் காலமைதானே. முடிச்சிட்டு நேரா ஹோலுக்கு வாறன். ப்ளீஸ்" என்றாள் மெலிசா.

"குளோரினுக்குள்ள கிடந்துட்டு வந்தால் கண் சிவந்துபோகும். தலையும் செற் பண்ண ஏலாது. காலமை பிளஃபர்ஸ் பார்க்கில அவுட்டோர் ஷூட் வேற இருக்கு."

"ரெஸ்ற்றுக்குப் போகாட்டி என்னை விடமாட்டினம்."

"விடுவினம். வெள்ளைக்காரருக்கு, இது எங்கட கல்ச்சர் எண்டு ஒரு ஈமெயில் போட்டால் காணும். வேற நாள் வைச்சுத் தருவினம்."

கல்ச்சர். இதே சொல்லைச் சொல்லி ஒருமுறை பார்க்கிங் டிக்கெற்றையே இல்லாமல் பண்ணப் பார்த்தவள் இவள். அது நடக்கவில்லை, ஆனாலும் புத்தி வரவில்லை.

"நான் கூட்டிக்கொண்டு போறன். மத்தியானத்துக்கு முதல் கொண்டுவந்து விடுறன்" என்றேன். மெலிசா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஸ்பர் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினான். "அக்கா, உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. இதெல்லாம் உங்களுக்கு விளங்காது."

பிள்ளை பெற்றவனுக்கு என்ன விளங்கியது என்பதை அந்த ஞாயிறு பார்த்தேன்.

மற்றப் பிள்ளைகள் குளத்தில் பரீட்சை செய்துகொண்டிருந்த நேரம், மெலிசா செம்மஞ்சள் கூறைச்சேலையோடு பிளஃபர்ஸ் பார்க்கில் யாரோ கட்டிவைத்திருந்த படகுகளுக்கு முன்னால் நின்றாள். தலையில் அவளுடையது அல்லாத மயிர். வீடியோக்காரன் யூட்சன், "தங்கச்சி, கடலைப் பாக்கிற மாதிரிப் பாருங்கோ" என்றான். அது ஏரி. அதுகூட அவனுக்குப் பொருட்டில்லை. அவள் மெல்லத் தண்ணீர்க்கரைக்கு இறங்கினாள். "சீலை நனையும், தள்ளி நில்" என்று பின்னாலிருந்து தாயின் குரல் வந்தது. அவள் தள்ளி நின்றாள்.

ஹோலில் ரெஜிபோம் என்ற தெர்மோகோல் அட்டையில் வெட்டி வெள்ளை அடித்த ஒரு படகு. அடியில் சில்லு. மெலிசாவை அதில் இருத்தி, புகையடித்து, மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெற்றிச்சுட்டிக்கு மேலே நீச்சல் முகக்கண்ணாடி. சுவாமியார் வந்து நல்ல பயணத்துக்குச் செபித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். நீலக் கிரீம் பூசிய கேக்கை வெட்டினார்கள். சனம் வரிசையில் நின்று படகோடு படம் எடுத்தது.

நான் படம் எடுக்கப் போன நேரம் மெலிசா சேலை மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்த ஃபோனைக் காட்டினாள். ஜெசிந்தா போட்ட ஈமெயிலுக்குப் பதில் வந்திருந்தது. மரியாதையான பதில்தான். பரீட்சைக்கு வராதபடியால் அவளுடைய இடம் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது.

"அம்மா, இதைப் பாருங்கோ" என்றாள்.

ஜெசிந்தா வாசித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சிரி. வீடியோ ஓடுது. பிறகு பாப்பம்" என்றாள்.

அந்தப் பிறகும் வந்தது. கப்பல் புறப்படவேண்டிய நாளில் மெலிசாவைப் பெட்டியோடு என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள்.

"மச்சாள், மூண்டு கிழமை இவள் உங்களோட நிக்கட்டும். தமிழ்க் கடைப்பக்கம் மட்டும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. சனம் கண்டால் என்ன நினைக்கும்?"

மகளுக்குப் பயணம் கைவிட்டுப் போனது கவலையில்லை. போகவில்லை என்று சனத்துக்குத் தெரிவதுதான் கவலை. இப்படி ஒரு மனம் எப்படி உண்டாகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மெலிசா மேலறையில் படுத்தே கிடந்தாள். நாலாம் நாள் குடும்ப வட்ஸ்அப்பில் படம் வந்தது. நீலக் கடலுக்கு அடியில் முகக்கண்ணாடி போட்ட மெலிசா, பக்கத்தில் ஓர் ஆமை. யூட்சன் கொம்பியூட்டரில் செய்த வேலை. கீழே நூறு இதயங்கள், வாழ்த்துகள். கஸ்பரும் ஒரு இதயம் போட்டிருந்தான். மெலிசா கனநேரம் பார்த்தாள்.

"மாஸ்க்கைத் தலைகீழாப் போட்டிருக்கினம், மாமி" என்றாள். பிறகு எழும்பிச் செருப்பைத் தேடினாள். "வாங்கோ, மீன் வாங்கப் போவம்."

"எங்க?"

"தமிழ்க் கடைக்கு."

நான் கார்த் திறப்பை எடுத்தேன்.

சனிக்கிழமை, மீன் வெட்டுகிற இடத்தில் எள் போட இடமில்லை. எங்களுக்கு முன்னால் பேபி அன்ரி. வழியனுப்பு விழாவில் முதல் வரிசையில் இருந்தவ. அவவின் காதில் ஒன்று விழுந்தால் பின்னேரத்துக்குள் ரொறொன்ரோ முழுக்கத் தெரிந்துவிடும்.

"என்ன பிள்ளை, நீர் கரீபியனில எல்லோ?"

"இல்லை அன்ரி, நான் போகேல்லை." மெலிசா குரலைத் தாழ்த்தவில்லை. "ஹோலில ஃபங்ஷன் வைச்ச அண்டைக்குத்தான் ஸ்விம்மிங் ரெஸ்ற். அம்மா என்னைப் போக விடேல்லை. அந்தப் படம் பொய்."

சுற்றிநின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேபி அன்ரி வாயைத் திறந்தபடி ஒரு கணம் நின்றா. அந்தக் கணத்தில் நான் மனிதரை நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அதுக்கென்ன பிள்ளை, வீடியோ வடிவா வந்திருக்குத்தானே" என்றா. "அந்தப் படகு ஆர் செய்தது? எங்கட தனுஷிகாவின்ர மகளுக்கும் அடுத்த மாசம் செய்யவேணும்."

"யூட்சன் அண்ணையைக் கேளுங்கோ" என்றாள் மெலிசா. எங்கள் முறை வந்தது. விளைமீன் வாங்கினோம்.

காரில் ஏறி பெல்ற் போட்ட பிறகுதான் அழுதாள்.

"அவ்வளவு சனம் வந்தது மாமி. சாப்பிட்டவை, படம் எடுத்தவை. எனக்கு நீந்தத் தெரியுமோ எண்டு ஒராளும் கேக்கேல்லை."

ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது. பேபி அன்ரி வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்கவில்லை. நான் ஃபோனை முகம்குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"எவ்வளவு தூரம் நீந்துவாய்?" என்று கேட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். விட்பி வரும்வரைக்கும் சொல்லி முடியவில்லை.