காசம்மாள் கேட்ட மதகு

மார்கழி பாதி கழிந்தும் ஆலங்கழனி ஏரியின் பெரிய மதகு திறக்கவில்லை. கரைக்கு உள்ளே தண்ணீர் தளும்பி நின்றது. கரைக்கு வெளியே பாகூர் சாலை வரைக்கும் சம்பாப் பயிர் தொண்டைக்கதிரோடு வாடிக்கொண்டிருந்தது. ஐப்பசிக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை.

அந்த மதகு பழைய காலத்து வேலை. நீருக்குள் இரண்டு கல்தூண்கள், நடுவில் ஒரு நீண்ட கழி, கழியின் அடியில் ஒரு மரக்கட்டை. இரண்டு ஆள் ஆழத்தில், தரையிலிருக்கும் கல் துளையை அந்தக் கட்டை அடைத்துக்கொண்டிருக்கும். கழியைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியிலேயே ஓடி வாய்க்காலில் விழும். இந்த முறை மதகுக்காரன் கண்ணையன் தூக்கியபோது கழி முறிந்து பாதி கையோடு வந்துவிட்டது. மீதி கட்டையோடு அடியில் நின்றுவிட்டது. யாராவது முங்கிப்போய், சுற்றியிருக்கும் சேற்றைத் தள்ளி, முறிந்த கழியில் வடம் கட்டிவிட்டு வர வேண்டும். கட்டை அசைந்துவிட்டால் துளை ஆளை இழுக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அது ஒருவரை இழுத்திருந்தது. அப்போது மதகுக்காரராக இருந்த சாமிக்கண்ணு அடைப்பைச் சரிசெய்ய இறங்கினார். வலது கை தோள்வரை துளைக்குள் போய்விட்டது. தண்ணீர் வடிந்து உடலை எடுக்க மறுநாள் மதியமாயிற்று. அவர் மகள் காசம்மாள் அதுவரை கரையைவிட்டு நகரவில்லை.

எட்டு வயதிலிருந்து அப்பாவோடு முங்கிப் பழகியவள் அவள். துளையின் எந்த ஓரம் வழுக்கும், எந்தக் கல்லில் கால் ஊன்றலாம் என்று அவள் உடம்புக்குத் தெரியும். ஆனாலும் அப்பா போனதும் மதகும், அதற்கென்று விட்டிருந்த அரைக்காணி மானிய நிலமும் பெரியப்பா மகன் கண்ணையனுக்குப் போயின. அவன் ஆண்பிள்ளை, அவ்வளவுதான். காசம்மாளின் புருஷன் சைகோனுக்குக் கப்பலேறி ஏழு வருடம். கடிதம் நின்று நான்கு வருடம். அவள் அம்மாவோடு சேரியில் இருந்துகொண்டு ஊராருடைய கழனியில் நாற்று நட்டாள்.

ஏரிச் சங்கத்துக்குத் தலைவர் சுப்பராயலு. வில்லியனூர்ப் பக்கமிருந்து முங்குகிற ஆட்களை இரண்டு தடவை வரவழைத்தார். மதகில் செத்தவரின் கதையைக் கேட்டதும் இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். கண்ணையன் மூன்று தரம் இறங்கி, பாதி ஆழத்திலேயே திணறி மேலே வந்தான். அன்று மாலை காசம்மாள் சுப்பராயலுவின் களத்துமேட்டில் போய் நின்றாள்.

"நா எறங்கறேன் ஆண்டே."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கப்பன் கதி தெரிஞ்சுமா சொல்ற? சரி, எறங்கு. நாலு மூட்ட நெல்லு அளக்கச் சொல்றேன்."

"நெல்லு வேணாங்க. மதகு எம் பேர்ல இருக்கணும். தண்ணி மொறையும் நாந்தான் வுடுவேன். காயிதத்துல எழுதி, பாகூரு மேரில முத்திர போட்டுக் குடுங்க."

பிரெஞ்சு சர்க்காரின் ஊர் அலுவலகமான மேரியில் பெண் பேருக்கு முத்திரையா என்று அருகில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சுப்பராயலு சிரிக்கவில்லை. "பொம்பள பேர்ல மதகா? எந்த ஊர்ல இருக்குது? மொதல்ல தண்ணி வரட்டும். அப்பறம் பாக்கலாம்."

"அப்பறம் கேக்கறதுக்கு நா இருக்கணுமே ஆண்டே. முன்னாடியே எழுதிடுங்க."

"உனக்கு எதனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"எங்கப்பாவுக்கு யாரு பதில் சொன்னாங்க?"

அவள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குள் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. அம்மா வள்ளியம்மாள் அடுப்பை மூட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பன முழுங்கன தொளடி அது. உன்னையும் குடுத்துட்டு நா இன்னா பண்றது? ஊரான் பயிரு காஞ்சா நமக்கு இன்னா?"

"ஊரான் பயிருக்கோசரம் இல்லமா."

"பின்ன?"

காசம்மாள் சற்று யோசித்தாள். பயிர் காய்ந்தால் சேரிக்கும்தான் கூலி இல்லை என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் தன் மனசில் இருப்பது அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நான்கு வருடமாக நாற்றுக் கட்டோடு கரையில் நடக்கும்போதெல்லாம் கண்ணையன் கழியைத் தப்பாகப் பிடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லும் இடத்தில் அவள் இல்லை.

"எனக்கு அந்த வேல வேணும்மா," என்றாள். "எனக்குத் தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான். பயமாத்தான் கீது. இப்ப வுட்டா சாவற வரைக்கும் அந்தக் கரைல தலயக் குனிஞ்சிகினு போவணும். அதுவும் எனக்குப் பயமாத்தான் கீது."

வள்ளியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை.

பயிர் மூன்றாம் நாள் மஞ்சள் தட்டியது. நான்காம் நாள் காலையில் சுப்பராயலு முத்திரை வைத்த காகிதத்தோடு கரைக்கு வந்தார். காசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஏரிக்கரையில் கூடியிருந்தவர்களில் அவள் கண்ணையனிடம்தான் அதை நீட்டினாள். அவன் பாதிரியார் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தவன்.

அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். மதகுக்காரி காசம்மாள், சாமிக்கண்ணு மகள் என்று வந்தது. மானியம் வந்தது. பிறகு அவன் நின்றான். சுப்பராயலுவைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான்.

"படிண்ணா."

"இந்தப் போகம் அறுவடை முடியற வரைக்கும்னு போட்டுருக்குது," என்றான் தலைநிமிராமல்.

அதை அவன் விழுங்கியிருந்தால் தை முடிந்ததும் மதகு அவனிடமே திரும்பியிருக்கும். காசம்மாள் காகிதத்தை வாங்கி மடித்து, சுப்பராயலுவின் கையில் கொடுத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் வண்டியைப் பாகூருக்கு ஓட்டச் சொன்னார். மதியத்துக்குள் அந்த வரி இல்லாத வேறு காகிதம் வந்தது. அதைக் கண்ணையன் இரண்டு முறை உரக்க வாசித்தான்.

புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டி, வடத்தின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள். முதல் முங்கில் கையால் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். கட்டையைச் சுற்றி முழங்கால் அளவு சேறு. இரண்டாவது, மூன்றாவது முங்கில் சேற்றைத் தள்ளினாள். அடியில் இருட்டு. அப்பாவின் கை போன துளை எங்கே என்று தேட வேண்டியதில்லை. கட்டையின் ஓரத்தில் குளிர்ந்த நீர் மெல்ல உறிஞ்சப்படுவது விரலுக்குத் தெரிந்தது. மேலே வந்து கல்தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"போதும், வந்துடு காசம்மா," என்றான் கண்ணையன்.

அவள் வாயைக் கழுவிக்கொண்டு நான்காவது முறை முங்கினாள். முறிந்த கழியில் வடத்தைச் சுற்றி இரண்டு முடிச்சு போட்டாள். மூன்றாவது முடிச்சை இறுக்கும்போது கட்டை சாய்ந்தது. திறந்த சந்துக்குள் தண்ணீர் பாய, அவள் இடது காலும் அதோடு போனது. கட்டை மறுபடி சரிந்து பாதத்தைக் கல்லோடு வைத்து நசுக்கியது.

துளைக்குள் முழுதாகப் போகாமல் காலை நிறுத்தியதும் அந்தக் கட்டைதான். அவள் இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்து, இழுக்கச் சொல்லி மூன்று தரம் அசைத்தாள். மேலே இருந்தவர்களுக்கு ஒரு கணம் புரியவில்லை. ஆள் வெளியே வராமல் இழுக்கக்கூடாது என்றல்லவா பேச்சு. கண்ணையன்தான் கத்தினான். "இழுங்கடா, அவ வடத்துலதான் கீறா." பதினைந்து பேர் கரையில் பின்னோக்கி ஓடினார்கள். கட்டை கிளம்பியது, கட்டையோடு அவளும் கிளம்பினாள்.

கரையில் போட்டபோது அவளுக்கு நினைவில்லை. வெளிப்பக்கத்து வாய்க்காலில் செந்நிறமாய்த் தண்ணீர் பீறிடுவதைப் பார்த்து ஊர் அந்தப் பக்கம் ஓடியது. வள்ளியம்மாள் மட்டும் கூட்டத்துக்கு எதிராக வந்து, மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பயிரில் முக்கால்வாசி பிழைத்தது. காசம்மாளின் இடது காலில் மூன்று விரல்களைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். சித்திரையில் கோலூன்றி ஊருக்கு வந்தாள். ஒரு பெண்ணிடம், அதுவும் சேரிப் பெண்ணிடம் தண்ணீருக்கு நிற்பதா என்று சிலர் மேரியில் மனு கொடுத்தார்கள். முத்திரை வைத்த காகிதம் இருந்ததால் மனு நிற்கவில்லை. கண்ணையனை அவள் உதவிக்கு வைத்துக்கொண்டாள். மானியத்தில் கால் பங்கு அவனுக்கு.

அடுத்த ஐப்பசியில் முதல் முறைத் தண்ணீரை அவள் கடைமடைக்கு விட்டாள். ஒவ்வொரு வருடமும் மிச்சம்மீதி மட்டும் போய்ச் சேருகிற நிலங்கள் அவை. சுப்பராயலு தானே கரைக்கு வந்தார்.

"என் கழனி தலைமடைல கீது. எனக்கு எப்ப?"

"வியாழக்கெழம ஆண்டே. பொழுது கெளம்பனதும் வுடறேன்."

"வியாழக்கெழமயா?"

"ஆமாங்க."

அவர் அவள் காலைப் பார்த்தார். "சரி, வியாழக்கெழம," என்று சொல்லிவிட்டுக் கரையிறங்கிப் போனார்.

அவர் தலை மறைகிற வரைக்கும் காசம்மாள் நிமிர்ந்தே நின்றாள். பிறகு கழியைக் கண்ணையனிடம் கொடுத்துவிட்டு ஈரக்கரையில் உட்கார்ந்துகொண்டாள்.